அசையாமல் நின்றவர்கள்

டீச்சரின் அண்ணனுக்கு ஒரு வழக்கம் உண்டு. தனக்குப் பிடிக்காத வேலையை அடுத்தவர் தலையில் கட்டும்போது, என்னமோ கிரீடம் சூட்டுகிற மாதிரி கட்டுவான். அவர்கள் வளர்ந்த பண்ணை வீடு கைமாறிவிட்டது, வாங்கினவர்கள் அதை ஹோட்டலாக்கப் போகிறார்கள் என்று போனில் சொன்ன அதே மூச்சில், "இந்த வேலைக்கு நீதான் சரி. உனக்குத்தானே ஞாபகம் ஜாஸ்தி" என்றான். அந்தக் குடும்பத்தில் யாரும் அவளுடைய ஞாபகத்தைப் பாராட்டினதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

தெருவில் எல்லோருக்கும் அவள் டீச்சர். முப்பத்துநாலு வருஷம் பூகோளம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எண்பத்தாறு வயது அம்மாவை வைத்துக்கொண்டு இரண்டு அறை வீட்டில் இருக்கிறாள். அம்மாவும் நல்ல மனநிலையில் இருந்தால் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். மனநிலை கெட்டால் கூப்பிடுவதே இல்லை, கைத்தடியால் கட்டில் காலைத் தட்டுவாள்.

வேலை இதுதான். பண்ணை வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருந்த அலமாரியைத் தச்சர்கள் பிரித்தபோது, பின்பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு தகரப்பெட்டி அகப்பட்டது. உள்ளே நாற்பத்தொரு கண்ணாடி பிளேட்டுகள், அந்தக் காலத்து நெகட்டிவ்கள். எல்லாம் அப்பா எடுத்த படங்கள். வீடு, ஆரஞ்சுத் தோட்டம், குதிரை லாயம், அறுவடை நாள். ஹோட்டல்காரர்களுக்கு அவற்றைப் பெரிசாக்கி நடைகளில் மாட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே யார், எங்கே, எந்த வருஷம் என்று எழுதித் தர வேண்டும். பெட்டியை டீச்சர் இருக்கும் ஊரில் உள்ள ஸ்டுடியோவுக்கே அனுப்பிவிட்டதாக அண்ணன் சொன்னான்.

"அதுல அன்னைக்கு எடுத்தது இருக்குமா?" என்று கேட்டாள்.

"அதைத்தான் உடைச்சுட்டேன்னு அப்பா சொன்னாரே."

"சொன்னார்."

"அப்புறம் என்ன? விடு."

விட்டுவிடுவது அண்ணனுக்குக் கைவந்த கலை. பன்னிரண்டு வயதிலேயே விட்டுவிட்டான். டீச்சருக்குத்தான் அந்த வித்தை வரவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. ஊரெல்லாம் பிலிம் சுருள் கேமராவுக்கு மாறி எத்தனையோ வருஷம் ஆனபிறகும், தன் மரப்பெட்டி கேமராவையும் கண்ணாடி பிளேட்டுகளையும் விடமாட்டேன் என்று நின்ற பிடிவாதக்காரர் அவர். வீட்டு ஓட்டிலிருந்து வாசல் புல்வரை எல்லாம் ஒரே துல்லியமாக விழ வேண்டும் அவருக்கு. அதற்காக லென்ஸின் துளையை ஊசிமுனைக்குக் குறுக்கி, முன்மூடியைக் கழற்றி, பையிலிருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்தபடி இருபது வரை உரக்க எண்ணுவார். அதுவரை யாரும் அசையக் கூடாது. அதோடும் தீராது. ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று, நின்ற இடத்திலேயே எல்லோரையும் நிறுத்திவைத்து, நிதானமாக பிளேட்டை மாற்றி, இரண்டாவது தடவையும் எடுப்பார். வருஷத்துக்கு ஒருநாள், வீட்டு முகப்பில், குடும்பம் முழுக்க.

அசைந்தவர்களுக்கு அடியெல்லாம் கிடையாது. அடித்திருந்தால் தேவலை. ஒரு வருஷம் மூக்கு அரித்து அண்ணன் தலையைத் திருப்பிவிட்டான். படத்தில் அவனுக்கு இரண்டு தலை. அப்பா அதைச் சட்டம் போட்டுச் சாப்பாட்டு அறையில் மாட்டினார். வந்த விருந்தாளிகள் ஒவ்வொருவரிடமும், "இது நம்ம வீட்டு இரட்டைத் தலையன்" என்று காட்டிச் சிரித்தார். வருஷம் பூராவும் அண்ணன் அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் சாப்பிட்டான். அதன்பிறகு அந்த வீட்டில் எல்லோரும் அசையாமல் நிற்பதில் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்கள். ஈ வந்து இமையில் உட்கார்ந்தாலும் நிற்பார்கள். அதைப் பெருமையாகவேறு பேசிக்கொள்வார்கள்.

அடுத்த வருஷம் டீச்சருக்கு ஒன்பது வயது. அம்மா நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் டீச்சர். டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு, வரிசைக் கடைசியில், மூன்றரை வயதுத் தங்கை. அவளை எல்லோரும் பொடிசு என்றுதான் கூப்பிட்டார்கள். சமையல்காரரும் தோட்டக்காரரும் பின்னால் வாசல்படியில். அப்பா எண்ணி முடித்தார். பிளேட்டை மாற்றினார். இரண்டாவதற்கு மூடியைக் கழற்றப்போன நேரத்தில்தான், பொடிசைக் காணோமே என்று படியிலிருந்து இறங்கிப் போன தோட்டக்காரர், வீட்டு மூலைக்கு அப்பாலிருந்து கத்தினார். அங்கே தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற தொட்டி இருந்தது. தரைமட்டத்துக்குக் கட்டின, கைப்பிடிச் சுவர் இல்லாத தொட்டி.

பொடிசைத் தூக்கி வந்து புல்லில் கிடத்தியபோது அம்மாவின் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "நீதானேடி கையைப் பிடிச்சிருந்தே?"

"நான் பாக்கல" என்றாள் ஒன்பது வயதுக்காரி.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள், டீச்சரும் அதையே சொல்லிக்கொண்டே இருந்தாள். ஐம்பத்திரண்டு வருஷம். சில சமயம் கோபத்தில், சில சமயம் மத்தியானச் சாப்பாட்டுக்கு நடுவில் சும்மாவே கேட்பாள். பொடிசு இருந்த படங்களை எல்லாம் அம்மா அந்த வாரமே அடுப்பில் போட்டுவிட்டாள். அப்பா கேமராவைத் தொடுவதையே விட்டார். அதோடு வீட்டில் பேச்சையும் விட்டார். இருபது வருஷம் முன்னால் சாகும்வரை அப்படியே இருந்தார். அந்த மௌனம் தன்னால் வந்தது என்றே டீச்சர் நம்பினாள். வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு சுற்றுலாவுக்குக்கூட அவள் பிள்ளைகளை அழைத்துப் போனதில்லை. தலைமை ஆசிரியை, "மேப்லயே உலகத்தைச் சுத்திக் காட்டிடுவீங்க போல" என்று கேலி செய்வாள். மற்றவர்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துச் சாலை கடக்கும்போது இவள் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. தான் உண்மையிலேயே பார்க்கவில்லையா, அல்லது பார்க்கவில்லை என்று சொல்லிச் சொல்லியே அப்படி ஆகிவிட்டதா என்பது இப்போது அவளுக்கே தெரியாது. அந்த பிளேட் ஒன்றுதான் சாட்சி. அவள் திரும்பிப் பார்த்திருந்தால், அண்ணனைப் போல அவளுக்கும் இரண்டு தலை விழுந்திருக்கும்.

ஸ்டுடியோக்காரர் ஐம்பது வயதுக்காரர். கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் படம் எல்லாம் முன்கடையில். இந்த மாதிரி வேலை பின்னறையில். பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பிளேட்டையும் ஓரம் பிடித்துத் தூக்கி, பளபளப்பான பக்கத்தை மட்டும் மென்மையான தூரிகையால் தட்டி, ஸ்கேனரில் வைப்பார். பேச்சு அதிகம், ஆனால் கை தப்பாது.

"படம் பதிஞ்ச மருந்துப் பக்கம் கை பட்டா முகமே உரிஞ்சு வந்துடும், டீச்சர். நம்ம ஆளுங்களுக்கு எதைப் பாத்தாலும் துணியை எடுத்துத் துடைக்கணும். அப்படியே எத்தனை தாத்தாக்களைத் துடைச்சு எறிஞ்சிருக்காங்க தெரியுமா?"

மூன்று நாள் உட்கார்ந்து டீச்சர் முப்பத்தெட்டுப் படங்களுக்கு எழுதிவிட்டாள். லாயத்தில் நிற்கும் குதிரை, களஞ்சியத்து வாசலில் எடைக்கல், ஓட்டுமேல் ஏறி நிற்கும் கொத்தனார். பண்ணை வீடு படத்தில் அழகாகத்தான் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வெறுப்பாக இருந்தது. நான்காம் நாள் காலையில் அவர் ஒரு காகித உறையைப் பிரித்தார். மேலே அப்பாவின் பென்சில் எழுத்தில் அந்தத் தேதி. பக்கத்தில் 'முதலாவது'.

உடைக்கவில்லை. உடைத்தேன் என்று சொல்லிவிட்டு, பலகைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்.

விளக்கு மேசைமேல் பிளேட் எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டியது. வெள்ளைச் சுவர் கறுப்பு, முகங்கள் கறுப்பு. ஸ்கேனர் ஒரு தடவை போய்வந்ததும் திரையில் நிறம் மாறி, வீடு எழுந்து நின்றது. ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

"கடைசியில நிக்கறது யாருங்க? இது பேய் மாதிரி..." என்று ஆரம்பித்தவர், டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு அவராகவே மெதுவாக விளக்கினார். அந்தக் குழந்தை பாதி நேரம் நின்றிருக்கிறது, பாதியில் போய்விட்டது. அதனால்தான் அதன் கவுன் வழியாகப் பின்னாலிருக்கிற சுவர் தெரிகிறது.

"முகத்தைப் பெரிசாக்குங்க."

ஆக்கினார். பொடிசு இருந்தாள். மங்கலாக, ஆனால் இருந்தாள். நெற்றியில் விழுந்த முடி. சற்றே மேலேறின மூக்கு. சிரிப்பை அடக்கிக்கொண்டு உதட்டை மடித்திருந்தாள். அசையக்கூடாது என்பது அவளுக்கு ஒரு விளையாட்டு. அந்த முகம் இப்படித்தான் இருந்தது என்பதையே டீச்சர் மறந்துபோயிருந்தாள். ஸ்டுடியோக்காரர் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் வெளியே போய், அவள் அழுது முடிக்கிறவரை திரும்பி வரவில்லை.

"இப்ப பக்கத்துல இருக்கிற பொண்ணைக் காட்டுங்க" என்றாள் பிறகு.

அந்தப் பெண் கற்சிலை மாதிரி நின்றாள். ஒரே தலை. ஒரே முகம். கை பொடிசு பக்கம் நீண்டு, விரல்கள் எதையோ பிடித்திருந்த வாக்கில் அப்படியே மடங்கி இருந்தன. உள்ளே இருந்த கை புகை மாதிரி மங்கியிருந்தது.

"நீங்கதானே? ஆடவே இல்லையே. கண்ணு மட்டும் லேசா இழுத்திருக்கு, இமைச்சிருப்பீங்க."

தலை திரும்பவில்லை. அப்படியானால் பார்க்கவில்லை. பொய் சொல்லவில்லை. டீச்சருக்கு உடம்பெல்லாம் ஒரு தளர்வு வந்தது. இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்தது இறங்கப்போகிறது என்று நினைத்தாள். அப்போதுதான் ஸ்டுடியோக்காரர் படத்தை நடுவுக்கு நகர்த்தினார்.

"ஆடினது இவங்கதான்."

அம்மாவின் உடம்பு துல்லியமாக இருந்தது. மடியில் கோத்த விரல்கள், கழுத்துச் சங்கிலி, சேலை மடிப்பு எல்லாம் அச்சு. முகம் மட்டும் கலைந்திருந்தது.

"திரும்பிப் பாத்திருக்காங்களா?" என்றாள் டீச்சர்.

"திரும்பிப் பாத்தா ஒரு பக்கம்தான் இழுக்கும். இது பாருங்க, நடுவுல ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ரெண்டு மூணு தடவை நிதானமா போய்ட்டு வந்திருக்கு." தன் தலையையே ஆட்டிக் காட்டினார். "வேண்டாம்னு சொல்றப்ப ஆட்டுவோமே, அப்படி."

யாரிடம் வேண்டாம் என்றாள்? வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் டீச்சர் அதையேதான் கேட்டுக்கொண்டாள். பொடிசின் முகத்தை மட்டும் தனியாக அச்செடுத்து, ஒரு கவரில் போட்டுக் கொடுத்திருந்தார் அவர். கைப்பையில் அது இருந்தது.

அன்று அம்மாவுக்கு நகம் வெட்டும் நாள். கண் பார்வை போய் மூன்று வருஷமாகிறது. வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். ஜன்னலோரக் கட்டிலில் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். டீச்சர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு விரல் முடிந்ததும் சொன்னாள்.

"அந்தப் படம் கிடைச்சிருக்கும்மா."

"எது?"

"அன்னைக்கு எடுத்தது. அப்பா உடைக்கல. ஒளிச்சு வச்சிருந்தார்."

அம்மாவின் கை மடியில் அப்படியே கிடந்தது. அசையாமல் இருப்பதை அவளுக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

"எல்லாரும் நல்லா விழுந்திருக்கோம். உன் முகம் மட்டும் ஆடியிருக்கு."

அம்மா, "அப்ப பாத்துட்டுத்தான் பேச்சை நிறுத்தியிருக்கார்" என்றாள். "கழுவி எடுத்த அன்னைக்கு இருட்டறையிலேர்ந்து வந்தார். என் முகத்தையே பாத்தார். அப்புறம் சாகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. உடைச்சுட்டேன்னு உங்க அண்ணன்கிட்டதான் சொல்லி அனுப்பினார்."

"யார்கிட்டம்மா தலையாட்டினே?"

"உன்கிட்டதான்."

டீச்சரின் கையில் நகவெட்டி நின்றது.

"அவ கையை உருவிட்டுப் போனா. நீ தலையைத் திருப்பல, கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பாத்தே. அவ போறா, நான் போகட்டுமான்னு கேக்கற மாதிரி. நான் வேண்டாம்னு தலையாட்டினேன்." அம்மாவின் குரலில் அழுகை இல்லை. பாடத்தை ஒப்பிக்கிற குரல். "பன்னெண்டோ பதிமூணோ எண்ணியாச்சு. நீ அசைஞ்சா அடுத்த வருஷம் பூரா உன் படம் அந்தச் சுவத்துல தொங்கும். உங்க அண்ணன் பட்டது எனக்குத் தெரியும். உனக்காகத்தான் சொன்னேன். ரெண்டாவதும் முடியட்டும், நானே போய்த் தூக்கிட்டு வரலாம்னு இருந்தேன். தொட்டிப் பக்கம் போவான்னு தோணவே இல்ல."

"அப்புறம் ஏம்மா என்னைச் சொன்னே?"

"வாயில வந்துடுச்சு. அவளைப் புல்லுல போட்டதும் அதுதான் வந்துச்சு. எல்லாரும் கேட்டுட்டாங்க. அதுக்கப்புறம் எப்படி மாத்தறது?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீயும் பாக்கலன்னு சொல்லிட்டே. நீ என்னைக் காட்டிக் கொடுத்துடுவியோன்னு நாளைக்கு நாளைக்குன்னு பயந்துட்டு இருந்தேன். நீ சொல்லவே இல்ல. சின்னப் பிள்ளை, எல்லாத்தையும் தாங்கிட்டே. நானா இருந்தா செத்திருப்பேன். நீ தாங்கிட்டே, அதான் விட்டுட்டேன்."

டீச்சருக்கு வந்த கோபத்தில் அந்தக் கையை அப்படியே உதறிவிட்டு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. எண்பத்தாறு வயதுக் கிழவியை உதறிவிட்டு அவள் எங்கே போவாள்? இன்னும் அரைமணியில் கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இறங்கும் என்று நினைத்த பாரம் இறங்கவில்லை. அவள் பார்த்திருக்கிறாள். பார்த்தாள், கேட்டாள், வேண்டாம் என்றதும் சரி என்று நின்றுவிட்டாள். குற்றம் தீர்ந்துபோகவில்லை, பங்காளி ஒருத்தி கிடைத்திருக்கிறாள், அவ்வளவுதான். அவளோடுதான் ஐம்பத்திரண்டு வருஷம் ஒரே பானைச் சோறு சாப்பிட்டிருக்கிறாள்.

அப்பாவுக்கும் பாதி தெரிந்திருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு, தப்பு உன்மேல் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீடு முழுக்கத் துல்லியமாக விழவேண்டும் என்று பார்த்த மனுஷனுக்கு அது தோன்றவில்லை.

மூன்றாவது விரலின் நகம் விழுந்தது. அம்மா சத்தம் வந்த திசையில் முகத்தைத் திருப்பினாள்.

"அதுல அவ இருக்காளா?"

டீச்சர் குனிந்து, விழுந்த நகத்தைப் பொறுக்கினாள்.

"எல்லாத்தையும் எரிச்சுட்டேன். கண்ணு தெரிஞ்ச காலத்துலேயே அவ முகம் எனக்கு மறந்துபோச்சு. எவ்வளவோ முட்டிப் பாக்கறேன், மூக்கு எப்படி இருந்துச்சுன்னுகூட வரமாட்டேங்குது." முதல் தடவையாக அந்தக் குரல் உடைந்தது. "என்னால பாக்க முடியாது. நீ சொன்னாப் போதும், டீச்சர். முகம் தெரியுதா? எப்படி இருக்கா?"

கைப்பை கட்டில் காலோரமாகத்தான் கிடந்தது. கவரைப் பிரிக்கவும் வேண்டாம். முடி நெற்றியில் விழுந்திருக்கிறது, உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கியிருக்கிறாள் என்று இரண்டு வரி சொன்னால் போதும்.

"இல்லம்மா" என்றாள் டீச்சர். "அவ ஆடிட்டா. ஒண்ணுமே விழல."

"ஒரு நிழல்கூடவா?"

"ஒண்ணுமே இல்ல. வெறும் சுவர்தான்."

அம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீட்டின கையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. டீச்சர் அதை இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்கு இழுத்து, அடுத்த விரலை எடுத்தாள்.